லிஃப்ட் உண்டு

விளம்பரத்தில் மூன்றே வாக்கியங்கள். ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். அமைதியான சூழல். லிஃப்ட் உண்டு. கூப்பிடு தூரத்தில் ரயிலை வைத்துக்கொண்டு அமைதி எங்கிருந்து வரும் என்று மைக்கம்மா அப்போதே யோசித்திருக்க வேண்டும். அன்றைக்கு அவளுக்கு யோசிக்கத் தெம்பு இல்லை. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்து நாக்குத் தள்ளிப்போயிருந்தது. கடைசி வாக்கியம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

மைக்கம்மா என்பது நிலையத்தில் அவளுக்கு வைத்த பெயர். ரயில் வருவதையும் போவதையும் வராமலே போவதையும் ஒலிபெருக்கியில் சொல்கிறவள் அவள்தான். மற்ற நிலையங்களில் அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. இங்கேயும் ஓர் இயந்திரம் வந்தது. வந்த வாரமே தொண்டை கட்டிக்கொண்டது. பழுது பார்க்க ஆள் வரும்வரைக்கும் நீ பேசு என்று அவளை உட்கார வைத்தார்கள். ஆளும் வரவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை.

அப்பா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்து ஓய்ந்தவர். சிறுநீரகம் கைவிரித்துவிட்டதால் வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸுக்குப் போய்ப் படுக்க வேண்டும். வீடோ நகரத்தின் அந்தக் கோடியில். இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவார். “சிகிச்சையில் நாங்க சேர்த்து வைக்கிறதை இவர் பஸ்ல தொலைச்சிட்டு வர்றாரும்மா. ரொம்ப நாள் இப்படி ஓட்ட முடியாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி, மைக்கம்மாவின் நிலையத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இருந்தது. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்தால் அப்பா பிழைப்பார். விஷயம் அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் தொலைபேசியில் தங்கமாகப் பேசினார். “எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைம்மா. சங்கம் சரின்னா சரி. என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கே சங்கத்தைக் கேட்டுட்டுத்தான் போறேன்.”

கட்டடம் பழசு. கனத்த சுவர், உயரமான கதவு, வளைந்து வளைந்து ஏறும் மாடிப்படி. பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் ரயில் பாலம். நுழைந்ததும் நடுக்கூடத்தில், மாடிப்படி சுற்றி ஏறுகிற நடுவிடத்தில், இரும்பு மடக்குக் கதவு போட்ட லிஃப்ட். அதன் நெற்றியில் ஒரு பலகை: குடியிருப்போர் நலச் சங்கம், அலுவலகம். லிஃப்டுக்குள் ஒரு மேஜை, அதைச் சுற்றி மூன்று முக்காலிகள், அவற்றின் மேல் தலைவர், செயலாளர், பொருளாளர். மூவரும் முட்டி முட்டி உட்கார்ந்திருந்தார்கள். வீடு கேட்டு வருகிறவர்கள் வெளியே நின்று மடக்குக் கதவின் இடுக்கு வழியாகப் பேச வேண்டும்.

“லிஃப்ட் இருக்குன்னு போட்டிருந்துச்சே சார்” என்றாள் மைக்கம்மா.

“இதோ இருக்கே” என்றார் செயலாளர்.

“ஓடாதா?”

“ஓடாம என்ன? நல்லாவே ஓடும். ஓட விடறதில்லை. ஓட்டினா தேயும். தேய்ஞ்சா பழமை போயிடும். பழமை போச்சுன்னா அப்புறம் இந்தக் கட்டடத்துக்கு என்னம்மா மரியாதை?”

அப்பா மடக்குக் கதவுக்கு வெளியே நின்றபடி மாடிப்படியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். வீடு மூன்றாம் மாடி.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு சங்கத்தின் கொள்கையை விளக்க ஆரம்பித்தார். “நாங்க குடிவர்றவங்ககிட்ட பணத்தைப் பார்க்கிறதில்லை, பதவியைப் பார்க்கிறதில்லை. நாங்க எதிர்பார்க்கிறது ஒரே ஒரு விஷயம். ஒழுக்…”

பாதியில் நின்றுவிட்டார். பொருளாளர் இரண்டு கையாலும் தேநீர் டம்ளர்களைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கட்டடம் அடியிலிருந்து உறும ஆரம்பித்தது. ஜன்னல்கள் தடதடத்தன, பலகை தானாக ஆடியது, லிஃப்டுக்கூண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கியது. பாலத்தின் மேல் ரயில் போய் முடிந்தது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“…கம்” என்று முடித்தார் செயலாளர்.

“ரயில் சத்தம் கொஞ்சம் கூடுதல்தான் போலிருக்கு” என்றாள் மைக்கம்மா, பேச்சுக்குத்தான்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் முதல் முறையாக வாய் திறந்தார். “ஏம்மா, இந்தக் கட்டடத்துல சத்தமே கிடையாது. விளம்பரத்தைப் படிச்சீங்கல்ல? இப்ப போனது சத்தம் இல்லை. அது வசதி.”

“வசதியா சார்?”

“நிலையம் பக்கத்துல இருக்கிறது வசதிதானே? அந்த வசதி போகும்போதும் வரும்போதும் லேசா காதுல படும். அதைப் போய் சத்தம்னு சொன்னா வாடகை என்னத்துக்கு ஆகும்? சத்தம்னு சொல்றவங்களுக்கு நாங்க வீடு கொடுக்கிறதில்லை. ஆடுதுன்னு சொல்றவங்களுக்கும்தான்.”

“சத்தம்னா எது தெரியுமா?” என்று செயலாளர் மேஜையைத் தட்டினார். “நிலையத்துல ஒரு பொம்பளை மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறா பாருங்க, அதுதான் சத்தம். ரயிலாவது வந்துட்டுப் போயிடும். இவ விடிஞ்சா ஆரம்பிச்சுடுறா. என் கனவுல வந்து பிளாட்பாரம் மாத்துறா. அவளை நிறுத்தணும்னு எத்தனை தடவை நிலைய அதிகாரியைப் போய்ப் பார்த்திருக்கேன் தெரியுமா? ஆமா, நீங்க எங்க வேலை பார்க்கிறீங்க?”

“நிலையத்துலதான் சார்” என்றாள் மைக்கம்மா, தன் குரலைப் பாதியாக மடித்து. “ஒரு மூலையில உட்கார்ந்த இடத்து வேலை.”

“அப்ப அவளைத் தெரியுமா?”

“பார்த்திருக்கேன் சார்.”

“சொல்லி வைங்க.”

“சொல்றேன் சார்.”

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் அவள் பேசியதெல்லாம் கிசுகிசுதான். சொந்தக் குரலைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

நேர்காணல் முடிந்ததும் சோதனைகள். முதலில் கதவு. மூன்றாம் மாடி வீட்டுக் கதவை அவள் சாத்த வேண்டும், பொருளாளர் வெளியே நின்று கேட்பார். சாத்தியது கேட்டால் தவறு; கேட்காவிட்டால் சாத்தவில்லை என்று சந்தேகம். பலமுறை சாத்திய பிறகு, கேட்டும் கேட்காமலும் இருந்ததாகப் பொருளாளர் ஒப்புக்கொண்டார். அடுத்தது இருமல். “இயல்பா இருமுங்க பெரியவரே” என்றார் செயலாளர்.

“இப்ப வரலையே” என்றார் அப்பா.

“வந்தா யார் வேணும்னாலும் இருமுவாங்க. வராதப்ப எப்படி இருமுறீங்கன்னுதான் பார்க்கணும்.”

அப்பா மரியாதைக்கு ஒரு முறை இருமினார். குறித்துக்கொண்டார்கள்.

கடைசியாக நடை. அப்பா கைத்தடியோடு அறைக்குள் நடக்க வேண்டும். கீழே, இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஓர் அக்காவின் வீட்டில், தலைவர் தரையில் மல்லாந்து படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அக்கா அவரைச் சுற்றிக்கொண்டு தன் பாட்டுக்கு வீடு பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது புதிதில்லை. புதுக் குடித்தனம் வரும்போதெல்லாம் தலைவர் வந்து படுப்பார். அப்பா நடக்க ஆரம்பித்ததும் ரயில் வந்துவிட்டது. கட்டடம் குலுங்கி ஓய்ந்தபோது அப்பா இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தார்.

“ஒரு காலடி கூட கேக்கலை” என்றார் மேலே வந்த தலைவர், முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டே. “அருமையான நடை.”

“வசதி போய்க்கிட்டிருந்துச்சே சார்” என்றார் அப்பா.

“அது இல்லாததுதானே. இல்லாததை நாங்க கணக்குல எடுக்கிறதில்லை.”

இப்படியாக வீடு கிடைத்தது. முழுக் குடித்தனம் இல்லை; ‘பயிலுநர் குடித்தனம்’. சங்கத்துக்கு நம்பிக்கை வரும்வரை எந்த நேரமும் காலி செய்யச் சொல்லலாம். “இந்த வயசுல அப்ரண்டீஸ்” என்று அப்பா சிரித்தார். “பரவாயில்லைம்மா. வாழ்க்கை பூரா ஜனங்களை உள்ள விட்ட உத்தியோகம் எனக்கு. உள்ள விடாம இருக்கிறதே உத்தியோகமா வச்சிருக்கிறவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்.”

குடிபோன பிறகுதான் அந்தக் கட்டடத்தின் குடும்ப வாழ்க்கை புரிந்தது. எல்லோரும் ரயிலுக்காகக் காத்திருந்தார்கள். ஆணி அடிப்பது, மிக்ஸி ஓட்டுவது, பிள்ளையை அதட்டுவது, அலமாரியை நகர்த்துவது எல்லாம் வசதி நேரத்தில்தான். முதல் மாடியில் ஒரு புருஷன் பெண்டாட்டி, ரயில் பாலத்தில் ஏறும்போது சண்டையைத் தொடங்கி இறங்குவதற்குள் முடித்துக்கொண்டார்கள். சமாதானத்துக்கு அடுத்த ரயில். ஏதாவது ரயில் ரத்தானால் கட்டடம் முழுக்க முகம் வீங்கிக் கிடக்கும். “வசதி லேட்டாம்மா?” என்று இரண்டாம் மாடி அக்கா படியில் நிறுத்திக் கேட்பாள். “தேங்கா உடைக்கணும், அதான்.”

அப்பாவுக்கு ஆஸ்பத்திரி போய்வருவது சுலபமாகிவிட்டது. ஒரே நிறுத்தம்; போகும்போது உற்சாகமாக இறங்கிவிடுவார். சிகிச்சை முடிந்து திரும்பும்போதுதான் மாடிப்படி மலையாக நின்றது. சத்தெல்லாம் வடிந்து, முகம் வெளிறி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவார். இரண்டாம் மாடி வந்ததும் கால் மறுத்துவிடும். அக்கா இதை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து படி திரும்புமிடத்தில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அப்பா அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மிச்சப் படியை ஏறுவார். அந்த நாற்காலியில்தான் அவர் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

ஒரு நாள் நாற்காலியைக் காணோம். அப்பா வெறும் படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. குற்றம்: படியில் தங்குதல்.

லிஃப்டுக்கு முன்னால் மைக்கம்மாவும் அப்பாவும் நின்றார்கள். முந்தின நாள் டயாலிசிஸ். அப்பாவின் கால் வீங்கி, செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தார். உள்ளே செயலாளர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முக்காலியில் சாய முடியாது. மைக்கம்மா உற்றுப் பார்த்தாள். அப்பாவின் நாற்காலி.

“பறிமுதல் செய்த பொருள் அலுவலகத்துல இருக்கணும்ங்கிறது விதி” என்றார் செயலாளர், அவள் பார்வையைக் கவனித்து. “இருக்கிற பொருளை உபயோகப்படுத்தறது சிக்கனம்.” பிறகு அவர் எழுந்து நின்று பேசினார், லிஃப்டில் எழுந்து நின்றால் தலை கூரையில் இடிக்கும், அதனால் கொஞ்சம் குனிந்தபடி பேசினார். “பெரியவரே, படி எதுக்கு? ஏறறதுக்கு. உட்கார வீடு இருக்கு. இன்னைக்கு நாற்காலி போடுவீங்க. நாளைக்குத் தலையணை போடுவீங்க. அப்புறம் அடுப்பு வைப்பீங்க. படியிலயே ஒரு குடித்தனம் வந்துடும், அதுக்கு யார் நேர்காணல் நடத்தினது? என்னையே எடுத்துக்குங்க. இந்தச் சங்கம் ஆரம்பிச்ச நாள்லேருந்து நான் ஒரு தடவை படியில உட்கார்ந்ததில்லை. கீழ்வீட்டுலேருந்து லிஃப்டுக்கு வர்றேன், லிஃப்டுலேருந்து கீழ்வீட்டுக்குப் போறேன். தலைவரும் அப்படித்தான், பொருளாளரும் அப்படித்தான். எங்களால முடியுது. உங்களால ஏன் முடியலை?”

மூவருக்கும் வீடு தரைத்தளத்தில். தலைவர் பலமாகத் தலையாட்டினார்.

“உடம்பு சரியில்லாதவர் சார்” என்று கிசுகிசுத்தாள் மைக்கம்மா. “அவரை உட்காரவாவது சொல்லுங்க.”

“விசாரணையில நிக்கிறதுதான் மரியாதை.”

அப்பா தடுமாறி, மடக்குக் கதவின் கம்பியைப் பிடித்தார். “கம்பியைப் பிடிக்காதீங்க” என்றார் பொருளாளர். “பழமை.” அப்பா கையை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. உள்ளே மூவரும் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே அப்பாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தரை அதிர, வீங்கின கால் இரண்டும் நடுங்க, அவர் அப்படியே மகள் மேல் சாய்ந்தார். அவள் அவரை மார்போடு பிடித்துக்கொண்டு ரயில் போய்முடியும்வரை நின்றாள்.

தீர்ப்பு: மாதக் கடைசிக்குள் பெரியவர் உட்காராமல் ஏறப் பழகிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வீடு காலி.

மைக்கம்மாவுக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் சங்கம் தப்பித்திருக்கும். வந்தது கோபம், அதுவும் கத்தித் தீர்க்கிற கோபம் இல்லை, காத்திருந்து தீர்க்கிற கோபம். ரயிலோடு வேலை பார்க்கிறவளுக்குக் காத்திருப்பது கைவந்த கலை.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு லிஃப்ட் ஆய்வுத் துறைக்குப் போனாள். அங்கே மெலிந்த ஒரு இன்ஸ்பெக்டர், விதிகளைத் தவிர வேறெதையும் தின்னாதவர் மாதிரி, தனியாக உட்கார்ந்திருந்தார்.

“எங்க கட்டடத்து லிஃப்டுக்குள்ள மூணு பேர் இருக்காங்க சார்.”

“மாட்டிக்கிட்டாங்களா? எவ்வளவு நேரமா?”

“பல வருஷமா.”

இன்ஸ்பெக்டர் எழுந்தே நின்றுவிட்டார். அவர் விசாரித்ததில் தெரிந்தது: அந்த லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்று சங்கம் ஆண்டுதோறும் துறைக்கு உறுதி சொல்லி வந்திருந்தது. ஓடாத லிஃப்டுக்குச் சீல் வைத்துவிடுவார்கள். சீல் வைத்தால் அலுவலகம் போய்விடும், விளம்பரத்தில் மூன்றாவது வாக்கியமும் போய்விடும். “ஓடும்னு யார் உறுதி சொன்னாங்களோ அவங்களையே உள்ள நிக்கவச்சு ஓட்டிக் காட்டச் சொல்லணும்” என்றார் இன்ஸ்பெக்டர். “அதுதான் சோதனை முறை. ஒண்ணு மட்டும் கேக்கணும். பக்கத்துல ரயில் போகுதுங்கிறீங்களே, கட்டடம் ஆடுமா?”

மைக்கம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். “அதை சங்கத்துகிட்டயே கேட்டுக்கங்க சார். அவங்கதான் பொறுப்பானவங்க” என்றாள்.

சோதனைக்குக் குறித்த நாளிலும் அவள் விடுப்பு. காலையில் அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். கட்டடமே படிகளில் கூடி வேடிக்கை பார்த்தது. மேஜை, முக்காலிகள், பறிமுதல் நாற்காலி எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். “ஆள் மட்டும்தான் இருக்கணும். நின்னுக்கிட்டு.”

மூவரும் உள்ளே நின்றார்கள். செயலாளர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நிலையத்துப் பக்கம் காதைத் திருப்பினார். “இன்னைக்கு அந்தப் பொம்பளை லீவு போலிருக்கு. காதுக்கு என்ன நிம்மதி பாருங்க.”

“ஒரு கேள்வி” என்றார் இன்ஸ்பெக்டர். “இந்த மாதிரி பழைய லிஃப்டுல ஒரு பிடி இருக்கும். கயிறு அறுந்தா கூண்டு விழாம கவ்விக்கிறதுக்கு. அது கொஞ்சம் பயந்த சுபாவம். கட்டடம் ஆடினாக்கூட கயிறு அறுந்துடுச்சுன்னு நினைச்சுக் கவ்விக்கும். கவ்விடுச்சுன்னா மெக்கானிக் வந்துதான் விடுவிக்கணும். அதனால ரயில் போகும்போது கட்டடம் ஆடும்னா சொல்லிடுங்க. வேற ஏற்பாடு பண்ணிட்டு ஓட்டலாம்.”

கட்டடத்து ஜனம் முழுக்கச் செயலாளரைப் பார்த்தது. இரண்டாம் மாடி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆடாது” என்றார் செயலாளர்.

“லேசாக்கூட?”

“சார், இந்தக் கட்டடத்துல சத்தமும் கிடையாது, ஆட்டமும் கிடையாது. அப்படிச் சொல்ற ஒரு ஆள் இங்க குடியிருக்கிறாங்களான்னு கேட்டுப் பாருங்க.”

இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் வீடு போய்விடுமே.

மைக்கம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நிலையத்தில் நிற்காமல் போகிற விரைவு வண்டி வரும் நேரம். மற்ற நாளாக இருந்தால், ‘பயணிகள் ஓரத்திலிருந்து விலகி நிற்கவும்’ என்று அவள் குரல் முன்கூட்டியே கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். இன்றைக்கு அவள் இங்கே நிற்கிறாள். இப்போதுகூடச் சொல்லலாம். அப்பாவின் வெறுங்கால்களை நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை.

மடக்குக் கதவைச் சாத்தி இன்ஸ்பெக்டர் விசையை அழுத்தினார். பல வருஷத் தூசியை உதிர்த்துக்கொண்டு லிஃப்ட் கிளம்பியது. கட்டடம் கைதட்டியது. செயலாளர் கம்பிக்குள்ளிருந்து கும்பிட்டபடியே மேலேறினார். முதல் மாடி போயிற்று. இரண்டாம் மாடி போயிற்று. அப்போது கட்டடம் அடியிலிருந்து உறுமியது. பழக்கதோஷத்தில் ஜனங்கள் கையில் இருந்ததைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மிக்ஸிகூட ஓட ஆரம்பித்தது. விரைவு வண்டி போன பிறகு பார்த்தால், லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மாடியில் நின்று பார்த்தவர்களுக்குக் கூண்டின் அடிப்பகுதி தலைக்கு நேராக இருந்தது. மேல்பாதியை மூன்றாம் மாடித் தளம் மறைத்ததால், தெரிந்தவை மூன்று ஜோடிக் கால்கள் மட்டும்.

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்குக்குத் தொலைபேசி போட்டார். அவர் பக்கத்து ஊரில் இருந்தார். கிளம்பி ரயிலில் வருவதாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பையை மூடினார். “இறங்கினதும் அறிக்கை கொடுக்கிறேன். ஆடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

மதியம் திரும்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை மைக்கம்மா அழைத்துவந்தாள். கூடத்தில் அநாதையாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடி வரை ஏறினாள். கால்களுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டாள். அப்பா நிதானமாக உட்கார்ந்தார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“யாரு அங்க?” என்றது செயலாளரின் குரல். “நாங்க காலையிலேருந்து நிக்கிறோம். கால் வலி உயிர் போகுது.”

“அலுவலகத்துல மனு கொடுத்தீங்களா சார்?” என்றாள் மைக்கம்மா, அதே கிசுகிசுக் குரலில்.

“அலுவலகத்துக்குள்ளதாம்மா இருக்கோம்.”

“உள்ள உட்கார்ந்துக்க வேண்டியதுதானே சார்.”

“தரை பூரா எண்ணெயும் அழுக்கும் வழியுதும்மா. எப்படி உட்கார்றது? கத்திக் கத்திப் பார்த்துட்டோம், ஒருத்தர் வரலை.”

“கேட்டுச்சு சார்” என்றாள் அக்கா. “வசதின்னு நினைச்சுட்டோம்.”

படிகளில் சிரிப்பு கிளம்பி மேலும் கீழும் ஓடியது. வசதி நேரம் இல்லாத நேரத்தில் அந்தக் கட்டடம் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தலைவர் நிலைமையைப் புரிந்துகொண்டார். “ஏம்மா, பேசித் தீர்த்துக்கலாம். உங்க அப்பாவோட நாற்காலி அங்கேயே இருக்கட்டும். அவசரக் கூட்டம் போட்டு இப்பவே தீர்மானம் போட்டுடறோம்.”

“முழுக் குடித்தனம்?”

“அதுவும்தான்.”

“லிஃப்ட் தினமும் ஓடணும். ஆஸ்பத்திரி போற ஆளுக்கும், வர்ற ஆளுக்கும்.”

உள்ளே கொஞ்சம் முணுமுணுப்பு. “பழமை…” என்று பொருளாளர் இழுத்தார். யாரோ அவர் காலை மிதித்தது இங்கிருந்தே தெரிந்தது. “ஓடும், ஓடும்” என்றார் தலைவர். “ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க. தூக்கியாச்சு. ஒருமனதா நிறைவேறியது.”

“கை தெரியலையே சார்” என்றாள் மைக்கம்மா. “இத்தனை பேர் பார்க்கிறோம். காலுதான் தெரியுது.”

அப்பா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். “காலைத் தூக்கச் சொல்லும்மா” என்றார்.

முதலில் பொருளாளரின் ஒரு கால் மேலே போனது. தலைவரின் கால் போனது. பளபளக்கும் செருப்புப் போட்ட செயலாளரின் கால் மட்டும் தரையிலேயே இருந்தது.

“ஒருமனதான்னு சொன்னாங்களே” என்றார் அப்பா.

அந்தக் காலும் எழும்பியது. மூன்று பேரும் ஒற்றைக் காலில், பிடித்துக்கொள்ள டம்ளர்கூட இல்லாமல் நின்றார்கள். அப்பா அவசரப்படவில்லை. தியேட்டர் வாசலில் வரிசையை எண்ணுகிறவர் மாதிரி விரல் நீட்டி நிதானமாக எண்ணினார். ஒன்றில் சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார். “சரி” என்று அவர் சொன்ன பிறகே கால்கள் இறங்கின.

“இப்ப எங்களை இறக்கி விடுங்கம்மா” என்றார் செயலாளர். “மெக்கானிக் எங்கே? எப்ப வருவார்? அதையாவது சொல்லுங்க.”

மைக்கம்மா கைப்பேசியில் நிலையத்தைக் கூப்பிட்டு விசாரித்தாள். பிறகு படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். குடிவந்த நாளிலிருந்து வாசலில் கழற்றிவிட்டு வந்த குரலை எடுத்து மாட்டிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். கட்டடத்தின் நான்கு மூலைக்கும் கேட்கும்படி, தெளிவாக, கனிவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அந்தக் குரல் புறப்பட்டது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

மேலே பளபளக்கும் செருப்பு இரண்டும் ஒரு துள்ளு துள்ளின. “ஐயோ, அவளா?” என்று ஈனஸ்வரம் கேட்டது.

“மெக்கானிக் வரும் வண்டி, சிக்னல் கோளாறு காரணமாக, காலவரையறையின்றித் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. பயணிகள் நின்றபடியே காத்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இந்த வசதிக்காக வருந்துகிறோம்.”